விசாரிக்கத் தெரிந்த ஆறு வீடுகள்: சேலத்தில் ஜெபக்குழு தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் கால் எலும்பு முறிந்து ஐந்து வாரம் படுத்திருந்தேன். ஆறாவது ஞாயிறு கம்பை ஊன்றிக்கொண்டு ஆலயத்துக்குப் போனபோது, வழக்கமாக என் பக்கத்தில் உட்காரும் பெரியவர், "ஊருக்குப் போயிருந்தீர்களா?" என்று அன்பாகக் கேட்டார். அவர் மேல் தவறில்லை. அறுநூறு பேர் கூடுகிற இடத்தில் ஒருவர் வராததை யார் கவனிப்பார்கள்? சேலத்தில் ஆலயங்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த கிறிஸ்து ஆலயம் இருக்கிறது, நாலு ரோட்டில் குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது, அவற்றைச் சுற்றித் தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன ஜெபவீடுகளும் இருக்கின்றன. குறைவாக இருப்பது, நாம் ஒரு வாரம் வராவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆட்கள்.

பழைய தமிழ் வேதாகமத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: விசாரித்தல். இன்றைக்கு விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன் நினைவு வருகிறது. ஆனால் "அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று நாம் இன்னும் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பொருள்தான். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிறார் இயேசு (மத்தேயு 25:36). நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்துச் சொல்வதும் "நீ இவனை விசாரித்துக்கொள்" என்பதே (லூக்கா 10:35). மாசில்லாத பக்தி எது என்று யாக்கோபு சொல்லும்போது திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் "விசாரிக்கிறது" என்ற சொல்லில்தான் தொடங்குகிறார் (1:27). எருசலேம் சபையில் முதல் முறுமுறுப்பு எழுந்தது உபதேசத்தைப் பற்றி அல்ல. சில விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப்போனார்கள் என்பதுதான் பிரச்சினை (அப்போஸ்தலர் 6:1).

ஆகவே இங்கே நான் எழுதப்போவது வெறும் ஜெபக்கூட்டம் நடத்தும் முறை அல்ல. வேதத்தை வாசித்து, ஒருவரையொருவர் விசாரித்து வாழ்கிற ஆறு வீடுகளை எப்படிச் சேர்ப்பது என்பது. கத்தோலிக்கர்கள் இதை அன்பியம் என்பார்கள். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் வீட்டு ஜெபக்குழு என்போம். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

முதல் படி: நடந்து போகிற தூரத்தில் ஆறு வீடு

பிடித்தமானவர்களைச் சேர்க்காதீர்கள், அருகில் இருப்பவர்களைச் சேருங்கள். அஸ்தம்பட்டியில் இருக்கும் உங்களுக்குச் சூரமங்கலத்தில் உயிர்த்தோழி இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர் வர முடியாது, எதிர்வீட்டுக்காரர் வருவார். வண்டி எடுக்காமல் பத்து நிமிடத்தில் நடந்து போய்விட வேண்டும் என்பது என் அளவுகோல்.

ஆறு வீடு என்றால் பிள்ளைகளோடு இருபது பேர் வருவார்கள். ஒரு கூடத்தில் பாய் விரித்தால் அடங்கும். எட்டாவது வீடு சேரும்போது யாராவது ஒருவர் பேசாமல் உட்கார ஆரம்பிப்பார். கவனித்துப் பாருங்கள்.

வீடு சிறியது என்று யாரும் தயங்க வேண்டாம். பவுல் காலத்துச் சபைகள் வீடுகளில்தான் கூடின. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிற தொழிலாளிகள். அவர்கள் வீட்டிலே கூடிவந்த சபையைப் பவுல் வாழ்த்துகிறார் (ரோமர் 16:5). அம்மாபேட்டையில் எங்கள் குழு கூடும் வீடுகளில் ஒன்றில் குழித்தறி இருக்கிறது. தறியைச் சுற்றித்தான் உட்காருகிறோம். பாவு நூலைத் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு முதலில் மனப்பாடமான கட்டளை.

இரண்டாம் படி: சபைப் போதகரான ஆயரிடம் சொல்லிவிடுங்கள்

இதைத் தவிர்த்த குழுக்கள் பல ஓராண்டில் தனிச் சபையாகவோ தனிச் சண்டையாகவோ முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அனுமதி வாங்குவதற்காக அல்ல, மறைவாகச் செய்யாமல் இருப்பதற்காகச் சொல்கிறோம். ஞாயிறு ஆராதனை நேரத்தில் கூட மாட்டோம், திருவிருந்து நடத்த மாட்டோம், காணிக்கை எடுக்க மாட்டோம் என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் எந்த ஆயருக்கும் கவலை இருக்காது.

வேறு சபையார் வந்தால்? வரட்டும். 1827-ல் லண்டன் மிஷன் சேலத்தில் கால் வைத்ததிலிருந்து இங்கே பல பிரிவுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானதே பிரிவினை சலித்துப்போனதால்தான். ஞானஸ்நானம் எப்படி, அந்நியபாஷையில் ஜெபிப்பது உண்டா இல்லையா என்ற விவாதங்களை மட்டும் பாய்க்கு வெளியே செருப்போடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நாள், நேரம், சத்தம்

வாரம் ஒரு மாலை, ஒன்றேகால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வெள்ளிப்பட்டறையில் கொலுசு வேலை செய்பவர்கள் எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள் என்றால் எட்டரைக்கு வையுங்கள். வேலைக்குப் போகிறவரின் நேரம்தான் குழுவின் நேரம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறது என்றால் பாட்டையும் ஒன்றாகக் குறையுங்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது தெருவெல்லாம் கூட்டமாக இருக்கும். அந்த வாரம் கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள். சாமி கும்பிடுகிற பக்கத்து வீட்டார் நாளைக்கு உங்கள் வீட்டு மரணத்துக்கு முதலில் வந்து நிற்கப்போகிறவர்கள்.

நான்காம் படி: எதை வாசிப்பது

புதிய குழு எதுவானாலும் முதல் வாரமே யாராவது ஒருவர் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் தொடங்கலாம் என்பார். புன்னகைத்து மறுத்துவிடுங்கள்.

ரூத்தில் தொடங்குங்கள். நான்கே அதிகாரம், நான்கே வாரம். பஞ்சம், பிழைக்கப் போன ஊர், அங்கே நேர்ந்த சாவுகள், மாமியாரும் மருமகளும் வெறுங்கையோடு திரும்புவது. தறி வேலை குறைந்து திருப்பூருக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. அடுத்து யாக்கோபு, ஐந்து அதிகாரம். இது கன்னத்தில் அறைகிற நிருபம். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குத் தரையும் கொடுப்பதைப் பற்றிய இரண்டாம் அதிகாரம் வரும்போது கூடத்தில் யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்று எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அதன் பின் மாற்கு. பதினாறு அதிகாரம், வாரத்துக்கு அரை அதிகாரம் என்றால் ஏறக்குறைய எட்டு மாதம். இந்த மூன்றும் முடிவதற்குள் ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிடும்.

ஐந்தாம் படி: எப்படி வாசிப்பது

ஒருவர் பிரசங்கம் செய்து மற்றவர்கள் கேட்பது ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. இங்கே ஒரே பகுதியை மூன்று பேர் மூன்று முறை சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இது மிகவும் உதவும். மூன்றாம் முறை முடியும்போது அவர்களுக்குத்தான் அதிகம் நினைவில் நிற்கிறது.

முதல் வாசிப்பு பழைய மொழிபெயர்ப்பில் இருக்கட்டும். பலருக்கு மனப்பாடம் அந்த நடையில்தான். இரண்டாவது, 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில். மூன்றாவது எதிலானாலும் சரி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது உறங்கிக்கிடந்த சொற்கள் விழித்துக்கொள்ளும். அப்போஸ்தலர் 2:42-ல் ஆதிச் சபையார் "அந்நியோந்நியத்தில்" தரித்திருந்தார்கள் என்கிறது பழையது. புதியது "நட்புறவில்" என்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் கொயினோனியா. அதற்குப் பங்கிடுதல், கூட்டாக வைத்திருத்தல் என்று பொருள். எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்ததைச் சொல்லும்போதும் பவுல் இதே சொல்லைத்தான் எழுதுகிறார் (ரோமர் 15:26). நம் காதில் அந்நியோந்நியம் என்பது சிரித்துப் பேசுவதாக மட்டும் விழுகிறது. பவுலுடைய சொல்லில் பணம் முடிந்த மடிச்சீலையும் சேர்ந்து அவிழ்கிறது.

வாசித்த பின் இரண்டு நிமிடம் அமைதி. முதல் சில வாரங்கள் இது சங்கடமாக இருக்கும். யாராவது இருமுவார்கள், ஒருவர் "ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொல்வார். பழகிவிடும். பிறகு மூன்று கேள்விகள் மட்டும்: இதில் யார் என்ன செய்தார்கள்? எது எனக்குப் பிடிக்கவில்லை அல்லது புரியவில்லை? இந்த வாரம் இதற்காக நான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?

இரண்டாவது கேள்வியைப் பயந்து விட்டுவிடாதீர்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2 சொல்கிறது. மூன்றே வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவன், "இரண்டில் எது சரி?" என்று கேட்டான். தமிழில் இரண்டும் பாரம்தான், கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது ஆளை நசுக்குகிற சுமை, இரண்டாவது ஒருவன் வழக்கமாகத் தூக்கிப்போகிற மூட்டை. அன்றைக்கு அதை அடுத்த வாரம் பார்ப்போம் என்று ஒத்திவைத்துவிட்டு, நான் ஆயரிடம் கேட்டு வந்து சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற தலைவர் இருக்கும் குழுவில்தான் கேள்வி கேட்கிற இளைஞன் தங்குவான்.

ஆறாம் படி: ஜெபக்குறிப்பு வம்பாகாமல்

"அந்தத் தம்பி குடியை விட ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த நாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே ஒரு விதி: தன்னைப் பற்றி மட்டும் சொல்லலாம். மற்றவரைப் பற்றிச் சொல்வதானால் அவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவில் ஜெபக்குறிப்பு போடக் கூடாது, கூட்ட நேரத்தை மட்டும் போடலாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஜெபிக்கிறோம் என்பதற்காக யாரையும் சர்க்கரை மாத்திரையோ மனநல மருந்தோ நிறுத்தச் சொல்லாதீர்கள். அடி வாங்குகிற பெண்ணைப் "பொறுத்துக்கொள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. அடுத்த படியில் சொல்லப்போகிற நோட்டின் உள் அட்டையில் இரண்டையும் எழுதி வையுங்கள். லூக்காவை மருத்துவன் என்றுதான் பவுல் அழைக்கிறார் (கொலோசெயர் 4:14). மருந்துக்கும் விசுவாசத்துக்கும் பகை இல்லை.

ஏழாம் படி: வாரம் ஒரு விசாரிப்பு

குழு வாழ்வதும் சாவதும் இதில்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வாரமும் கூட்டம் முடியும் முன் மூன்று வரி எழுதப்பட வேண்டும்: இன்று வராதவர் யார், அவரை யார் பார்க்கப் போகிறார், என்றைக்குள். அடுத்த வாரம் முதல் பாட்டுக்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்க வேண்டும். "போக முடியவில்லை" என்றால் வெட்கப்படுத்த வேண்டாம், அதே வரியை மறுபடி எழுதினால் போதும்.

போகிறவர் ஜெபம் செய்வதற்காகப் போக வேண்டாம். உட்காருவதற்காகப் போகட்டும். நம் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் போகிற காரணத்தை விளக்கவே தேவையில்லை. அவர்கள் கேட்டால் ஜெபித்துவிட்டு வரலாம்.

"சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு எதுவும் கொடாமல் அனுப்புவதை யாக்கோபு கேலி செய்கிறார் (2:16). நம் ஊரில் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் பணம் அல்ல, நேரம். எங்கள் நோட்டிலிருந்து சில: விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஓர் அம்மாவோடு இ-சேவை மையத்துக்கு மூன்று முறை போனது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கான தாள்களைச் சரிபார்த்தது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் உள்நோயாளியோடு இருந்த ஒரு மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓர் இரவு அங்கே தங்கியது. அந்த மருத்துவமனைக்கு வெளிமாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கூட இருப்பவருக்கு ஆறு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதைவிடப் பெரிய தர்மம் இல்லை என்று அந்த மகள் சொன்னாள்.

இதை யாருக்குச் செய்கிறோம் என்று பார்க்காதீர்கள். சபைக்கு வருவார்கள் என்ற கணக்கோடு செய்கிற உதவியை எதிர்வீட்டுப் பாட்டி ஒரே நாளில் மோப்பம் பிடித்துவிடுவார். செய்ததைப் படம் எடுத்துப் போடவும் வேண்டாம். வலதுகை செய்வது இடதுகைக்கே தெரியக் கூடாது என்ற இயேசுவிடம், கைப்பேசிக்குத் தெரியலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எட்டாம் படி: பணம்

காணிக்கை அல்ல, உதவிக்காக விரும்பியவர் போடுகிற பணத்துக்கு ஒரு டப்பா, இரண்டு பேர் எண்ண வேண்டும், தொகையை நோட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் எல்லோரும் பார்க்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் சீட்டு மட்டும் தொடங்காதீர்கள். எங்கள் குழுவில் "நமக்குள்தானே" என்று பத்துப் பேர் சேர்ந்து ஏலச்சீட்டு போட்டோம். ஐந்தாம் மாதம் ஒருவரால் கட்ட முடியவில்லை. வெட்கத்தால் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நோட்டில் அவர் பெயர் ஏறியது, ஆனால் போய்க் கதவைத் தட்டியவரே அவரிடமிருந்து சீட்டுப் பணம் வர வேண்டியவர். விசாரிக்கப் போனதா, வசூலுக்குப் போனதா? மூன்று குடும்பங்களை இழந்தோம். அன்றிலிருந்து கடன் கொடுப்பதில்லை, கொடுத்தால் திரும்பக் கேட்காத பணமாக மட்டும் கொடுக்கிறோம்.

ஒன்பதாம் படி: சாப்பாடு

மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு வீட்டில். இது விருந்தோம்பலுக்கான யோசனை மட்டும் அல்ல. நம் சபைகளில் ஒரே வரிசையில் முழங்கால் படியிட்டுத் திருவிருந்து வாங்குகிறவர்கள், சிலர் வீட்டில் மட்டும் "இப்போதுதான் காபி குடித்தேன்" என்று சொல்வார்கள். ஏன் என்று அந்த வீட்டாருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். கொரிந்துவில் சிலர் முந்திச் சாப்பிட்டுச் சிலர் பசித்திருந்தபோது, இது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 11:20-21). சாதியைப் பற்றி ஆறு பிரசங்கம் செய்வதைவிட, ஆறு வீட்டுச் சமையலறையிலும் ஆறு வீட்டாரும் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது கடினம். யாராவது தொடர்ந்து சாப்பாட்டு நாளில் மட்டும் வராமல் இருந்தால், அவரையும் நோட்டில் எழுதித் தனியாகப் போய்ப் பேசுங்கள்.

பத்தாம் படி: மனஸ்தாபம்

வரும். பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களின் மனஸ்தாபம் நிருபத்தில் பெயரோடு எழுதப்பட்டு (4:2) இருபது நூற்றாண்டாக ஊரெல்லாம் வாசிக்கப்படுகிறது, பாவம். மத்தேயு 18:15 சொல்கிற முறை போதும்: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில். நம் வழக்கம் தலைகீழ், கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவரிடம் போகிறோம்.

மலைக்குப் போகும்போது

எங்கள் குழுவிலிருந்து இரண்டு குடும்பங்கள் ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போயின. அங்கேயும் ஒரு குழு உருவானது. ஆண்டுக்கு இரண்டு முறை இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போகிறோம். போக நினைப்பவர்களுக்கு: மே மாதம் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். காபிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை எஸ்டேட்காரர்களுக்கு நேரம் இருக்காது. அப்போது போனால் அவர்கள் கூலி கெடாதபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் போங்கள். கடைசி பஸ்ஸின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பனி இறங்கிய பின் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் தங்க இடம் கேட்பது அவர்களுக்குத்தான் பாரம்.

அப்படிப் போன ஒரு நாளில் ரூத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தோம். வயலின் சொந்தக்காரன் போவாஸ் தன் வேலைக்காரரிடம், ரூத் பொறுக்கிக்கொள்ளும்படி அறுத்த கதிர் அரிகளில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடச் சொல்கிறான். நான் அதைத் தாராளம் என்று சொல்லி முடித்துவிட்டேன். பழம் பறிக்கிற அக்கா ஒருவர், "தாராளம் என்றால் மூட்டையாகவே கொடுத்திருக்கலாமே, ஐயா? அவள் கை நீட்டக் கூடாது என்று பார்த்திருக்கிறார். கீழே கிடந்ததைப் பொறுக்கினால் அது அவள் கூலி," என்றார். அதன் பிறகு கீழே இறங்கி வந்து நாங்கள் உதவி செய்கிற முறையையே மாற்றினோம். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்தினோம். தையல் தெரிந்தவருக்கு ஆறு வீட்டுத் துணியும் போகிறது, இட்லி மாவு அரைப்பவரிடம் ஆறு வீடும் மாவு வாங்குகிறது.

கடைசிப் படி: பிரிவது

ஒன்பது வீடானதும் இரண்டாகப் பிரியுங்கள். யாருக்கும் பிடிக்காது, எங்களுக்கும் பிடிக்கவில்லை, நான்கு மாதம் தள்ளிப்போட்டோம். அந்த நான்கு மாதத்தில் ஒரு பெரியவர் இரண்டு வாரம் வராமல் இருந்ததை நோட்டில் எழுத மறந்தோம். நாங்கள் போனபோது அவர் குணமாகி எழுந்து உட்கார்ந்திருந்தார், "வேலை அதிகமோ?" என்று கேட்டார்.

சண்டையால் அல்லாமல் தெருவால் பிரியுங்கள்: இந்தப் பக்கம் ஒரு குழு, அந்தப் பக்கம் ஒரு குழு. நன்றாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டைப் புதிய குழுவுக்குக் கொடுக்க வேண்டாம், அதில் பிறர் வீட்டுக் கதைகள் இருக்கின்றன. புதிய நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் வீட்டுக் கதவு எண்களை எழுதி, எதிரே யார் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவார், யாருக்குக் காபியில் சர்க்கரை போடக் கூடாது என்று மட்டும் குறித்துக் கொடுங்கள்.